ஏட்டுச் சட்டமும் இயங்கும் சட்டமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. அது கல்விக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் பொருந்தும். சட்டசபையார் கூடி ஓர் அரிய சட்டத்தை இயற்றலாம். ஆளுநர் அதிற் கையொப்பமிடலாம். அச்சகத்தார் அதனை அழகுற அச்சிட்டும் தரலாம். ஆயினும் அதனைக் கையாள வேண்டிய பொலிஸ் உத்தியோகத்தரும், நீதிமன்ற எழுதுவினைஞரும், பாடசாலை அதிபரும், வைத்தியரும் அதனை அறியாராயின், அச்சட்டம் ஏட்டிலேயே உறங்கிக் கிடக்கும். இவ்வுண்மையை அண்மைக் காலத்தில் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டோர் ஐக்கிய அமெரிக்க நாட்டு மக்களாவர். அங்குச் ‘சிவப்புக் கொடிச் சட்டங்கள்’ என வழங்கப்படுவனவற்றின் வரலாற்றையும், அவற்றைக் கையாளப் பொலிசாரும் பொது நிறுவனத்தாரும் பெறவேண்டிய பயிற்சியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறநாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் அந்நாட்டிற் குடியேறித் தம் பிள்ளைகளை அந்நாட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்புவோரும் இருத்தல் கூடும். அவர்களுக்கு இது வீட்டுச் செய்தி. அரசாங்க சேவையிலும் ஆசிரியத் தொழிலிலும் உள்ள ஏனையோர்க்கும், நாளை அத்தொழில்களிற் புகவிருக்கும் மாணவர்க்கும் இது தொழிற் செய்தி.

பெயரும் பொருளும்

சிவப்புக் கொடி என்றதும் நம்மவர்க்கு அரசியற் கட்சிகளின் நினைவு வருதல் இயல்பே. ஈண்டு அப்பொருள் இல்லை. புகையிரதப் பாதையில் அபாயம் உண்டென்று காட்டி வண்டியை நிறுத்துவதற்கு அசைக்கப்படும் கொடியையே இப்பெயர் குறிக்கின்றது. ஒருவர் தம் உயிரையோ பிறர் உயிரையோ மாய்த்துவிடுவார் என அஞ்சத்தக்க அறிகுறிகள் தோன்றின், நீதிமன்றக் கட்டளையின் மூலம் அவரிடமுள்ள துப்பாக்கிகளைக் குறித்த காலத்துக்கு அகற்றி வைக்கவும், அவர் புதியன வாங்காது தடுக்கவும் இச்சட்டங்கள் இடந்தருகின்றன.

இக்கட்டளை தண்டனையன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். இது குடியியல் முறையில் அமைந்த தற்காலிகக் காப்பு. கட்டளையை மீறினாலன்றி ஒருவர் இதனாற் குற்றவாளியாவதில்லை. மனநோயாளர் என்ற முத்திரையும் அவர்மேற் பதிக்கப்படுவதில்லை. நீதவான் நோக்குவது நோயின் பெயரையன்று, நடத்தையையே. கொன்றுவிடுவேன் என்று பயமுறுத்தியமை, அண்மையிற் செய்த வன்செயல், தற்கொலை செய்யப்போவதாகக் கூறியமை, மதுவெறியிலே துப்பாக்கியைக் காட்டியமை போன்றவையே அவர்முன் வைக்கப்படும் சான்றுகள்.

நடைமுறை பெரும்பாலும் இரு படிகளாக அமையும். முதலாவது, அவசரக் கட்டளை. எதிர்த்தரப்பினரை அழையாமலே, சத்தியம் செய்து எழுதிய மனுவை நோக்கி நீதவான் இதனை வழங்கலாம். இரண்டாவது, முழு விசாரணை. பல மாநிலங்களில் 14 நாட்களுக்குள் இது நடைபெறும். இங்கே துப்பாக்கிக்கு உரியவர் தம் பக்கத்தை எடுத்துரைக்கலாம், சாட்சிகளை அழைக்கலாம். சான்று தெளிவானதென நீதவான் கண்டாலன்றிக் கட்டளை நீடிக்காது. நீடிப்பினும் பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்டதே. மனுச் செய்யத் தக்கவர் யாவர் என்பதில் மாநிலங்கள் வேறுபடுகின்றன. புளோரிடாவிற் பொலிசார் மட்டுமே செய்யலாம். கலிபோர்னியாவில் குடும்பத்தாரும், 2020 முதல் தொழில் கொள்வோரும் உடன் பணிபுரிவோரும் ஆசிரியரும் செய்யலாம். நியூயோர்க் மாநிலம் தொடக்கத்திலேயே பாடசாலை அதிபர்க்கும் அவ்வுரிமையை அளித்தது.

சட்டங்கள் பிறந்த வகை

1998 மார்ச்சு மாதத்தில் கொனெக்டிகட் மாநிலத்து லொத்தர் திணைக்களத் தலைமையகத்தில், அங்குப் பணிபுரிந்த ஒருவர் தம் மேலதிகாரிகள் நால்வரைக் கொன்று தாமும் மாய்ந்தார். அதன் விளைவாக 1999 இல் அம்மாநிலம் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவதை இயற்றியது.

இந்தியானா மாநிலத்தின் வரலாறு பொலிசாரின் கையறு நிலையைக் காட்டுவது. மனக்கலக்கமுற்ற ஒருவரிடமிருந்து 2004 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தியானாபொலிஸ் நகரப் பொலிசார் துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். அவற்றைத் தொடர்ந்து வைத்திருக்கச் சட்டம் இடந்தராமையால் அவரிடமே திருப்பிக் கொடுத்தனர். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் அவர் கையாற் பொலிஸ் உத்தியோகத்தர் ஜேக் லேயர்ட் கொல்லப்பட்டார். 2005 இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கலிபோர்னியாவில் நேர்ந்தது இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. 2014 ஏப்பிரல் 30 ஆந் திகதி, ஐலா விஸ்டா என்னுமிடத்தில் வாழ்ந்த இளைஞரொருவரின் தாயார், மகனின் நிலை கண்டு அஞ்சினார். அவ்வச்சம் பொலிசார்க்கு அறிவிக்கப்பட்டது. அவர்கள் வந்து வாயிலில் நின்று இளைஞரோடு உரையாடினர். அவர் பணிவாகப் பேசினார். துப்பாக்கிப் பதிவேட்டைப் பாராமலே அவர்கள் திரும்பினர். அறையினுள்ளே துப்பாக்கிகள் இருந்தன. மே 23 ஆந் திகதி அவ்விளைஞர் அறுவரைக் கொன்றார். தாயின் அச்சத்துக்குச் செவிகொடுக்கும் முறையொன்று வேண்டுமென்று அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டது. 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

பின்னர் 2018 பெப்ருவரி 14 ஆந் திகதி புளோரிடாவின் பார்க்லன்ட் நகரப் பாடசாலையொன்றில் 17 பேர் உயிரிழந்தனர். கொலைஞரைப் பற்றிய எச்சரிக்கை சனவரி மாதத்திலேயே மத்திய புலனாய்வுத் திணைக்களத்துக்குக் கிடைத்திருந்தும், உரிய கிளைக்கு அனுப்பப்படவில்லை. மூன்று வாரங்களிற் புளோரிடாவும் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் விரைந்து பின்பற்றின. 2024 இல் 21 மாநிலங்களிலும் தலைநகராகிய வாசிங்டனிலும் இச்சட்டங்கள் நடைமுறையில் இருந்தன.

சட்டம் இருந்தும் நேர்ந்த அழிவு

இதுவரை கூறியவை சட்டம் இல்லாமையால் நேர்ந்த கேடுகள். இனிக் கூறுவன சட்டம் இருந்தும் நேர்ந்தவை. நம் கட்டுரையின் உட்பொருள் இங்கேதான் உள்ளது.

நியூயோர்க் மாநிலச் சட்டம் 2019 ஆகத்து மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. 2021 சூன் மாதத்தில், அம்மாநிலத்துப் பாடசாலை ஒன்றில் இறுதி வகுப்பிற் பயின்ற மாணவரொருவர், படிப்பு முடிந்தபின் யாது செய்ய எண்ணுகின்றீர் என்ற பாட வினாவுக்குக் கொலையும் தற்கொலையும் எனப் பொருள்பட விடையெழுதினார். பாடசாலையார் அதனை மறைத்தாரல்லர், பொலிசார்க்கு அறிவித்தனர். பொலிசாரும் வாளாவிருந்தாரல்லர், அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று மனநிலையைச் சோதிப்பித்தனர். வேடிக்கையாக எழுதினேன் என்று அவர் கூற, வைத்தியசாலையார் அவரை விடுவித்தனர். பாடசாலையோ பொலிசோ நீதிமன்றத்தில் மனுச் செய்யவில்லை. கட்டளை இல்லாமையால் பின்னர் அவர் கடைக்குச் சென்று முறைப்படி துப்பாக்கி வாங்கத் தடையும் இல்லையாயிற்று. 2022 மே 14 ஆந் திகதி அவர் பஃபலோ நகரத்து அங்காடியொன்றிற் கறுப்பினத்தவரைத் தேடிச் சென்று பத்துப் பேரைக் கொன்றார்.

இங்கே ஒவ்வொருவரும் தத்தம் வழக்கமான கடமையைச் செய்தனர் என்பதை நோக்குக. ஆசிரியர் கண்டார், அதிபர் அறிவித்தார், பொலிசார் வந்தனர், வைத்தியர் சோதித்தார். சங்கிலியின் கண்ணிகள் யாவும் இருந்தன. ஒரேயொரு கண்ணி மாத்திரம் இணைக்கப்படவில்லை. அக்கண்ணி சட்டப் புத்தகத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக இருந்ததே.

கொலை நடந்த நான்காம் நாள் அம்மாநில ஆளுநர் கதி ஹோக்குல், தக்க காரணம் காணுமிடத்து மாநிலப் பொலிசார் மனுச் செய்தே தீரவேண்டுமெனக் கட்டளையிட்டார். அடுத்த மாதமே அது சட்டமாகவும் ஆக்கப்பட்டது. வைத்தியத் தொழிலாளரும் மனுச் செய்வோர் வரிசையிற் சேர்க்கப்பட்டனர். அதன்பின் அம்மாநிலத்தில் மனுக்களின் தொகை பன்மடங்காகப் பெருகிற்று.

இலினோய் மாநிலத்தின் ஹைலன்ட் பார்க் நகரிலும் இத்தகைய கதையே. 2019 செத்தெம்பரில் ஓர் இளைஞர் குடும்பத்தார் அனைவரையும் கொல்வதாகக் கூறினாரெனப் பொலிசார்க்கு முறைப்பாடு வந்தது. அவர்கள் சென்று 16 கத்திகளையும், குத்துவாள் ஒன்றையும், வாள் ஒன்றையும் எடுத்துச் சென்றனர். மாநிலச் சட்டம் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்திருந்தும் மனு எதுவும் செய்யப்படவில்லை. சில மாதங்களில் அவர்க்குத் துப்பாக்கி அநுமதிப் பத்திரம் கிடைத்தது. 2022 சூலை 4 ஆந் திகதி, சுதந்திரதின ஊர்வலத்தில் ஏழு பேர் அவர் கையால் மாண்டனர்.

மெயின் மாநிலம் 2020 இல் நடைமுறைப்படுத்திய சட்டம் ‘மஞ்சட் கொடிச் சட்டம்’ எனப்பட்டது. ஏனெனில் பொலிசார் முதலில் ஒருவரைக் காப்பில் எடுத்து, வைத்தியரின் மதிப்பீட்டைப் பெற்ற பின்னரே நீதவானை அணுகலாம். 2023 ஒக்தோபர் 25 ஆந் திகதி லூவிஸ்டன் நகரிற் படைச் சேவையாளரொருவர் 18 பேரைக் கொன்றார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே அவரைப் பற்றிய எச்சரிக்கை உள்ளூர்ப் பொலிசாரை எட்டியிருந்தது. அவர்கள் வீட்டுக்குச் சென்றனர், கதவு திறக்கப்படவில்லை. அவரைக் காப்பில் எடுத்து அச்சட்டத்தைத் தொடக்குதற்குப் போதிய காரணம் அவர்களிடம் இருந்ததென 2024 இல் விசாரணைக்குழு முடிவு கூறியது. அக்கொலைக்குப் பின் அதே சட்டம் முன்னையினும் பன்மடங்கு பயன்படுத்தப்பட்டது. சட்டத்தின் எழுத்து மாறியதன்று இதற்குக் காரணம். அதனை எடுத்து ஆளும் மனமும் அறிவும் மாறியமையே காரணம். 2025 நவம்பரில் அம்மாநில வாக்காளர் குடும்பத்தாரும் நேரே நீதவானை அணுகத்தக்க சிவப்புக் கொடிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டனர்.

பயிற்சி என்பது யாது?

பயிற்சி என்பது ஒருநாட் சொற்பொழிவன்று. அதன் கூறுகளை ஐந்தாக வகுத்துக் காட்டலாம்.

முதலாவது, அறிகுறி காணல். வாயிலில் நிற்கும் உத்தியோகத்தர், எதிரே நிற்பவர் பணிவாகப் பேசுகின்றாரா என்பதை மட்டும் நோக்கினாற் போதாது. வீட்டில் துப்பாக்கி உண்டா, அண்மையில் வாங்கினாரா, முன்னர் முறைப்பாடு உண்டா என்பவற்றைப் பதிவேடுகளிற் பார்த்தறிதல் வேண்டும். குடும்பத்தாரைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, மனு எழுதுதல். ‘அவர் அபாயமானவர்’ என்று எழுதினால் நீதவானுக்கு அது பயன்படாது. எந்நாள், எவ்விடத்தில், எவர் கேட்க, எச்சொற்களைச் சொன்னார் என்று எழுதுதல் வேண்டும். வதந்தியையும் கண்டறிந்ததையும் வேறுபடுத்துதல் வேண்டும். நல்ல உரைநடைக்கு நாம் வகுப்பறையிற் கூறும் இலக்கணமே இதற்கும் இலக்கணம். பொலிசார் பலர் இவ்வேலையை அஞ்சியே மனுச் செய்யாது விடுகின்றனர். இவ்விடர்ப்பாட்டைக் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம் நன்கு தீர்த்தது. அந்நகரச் சட்டத்தரணியாக இருந்த மாரா எலியட் என்பவரின் அலுவலகம் 2017 இன் இறுதி முதல் மனுக்களைத் தானே வரைந்து நீதிமன்றத்தில் வாதாடியது. பொலிசார்க்குப் பயிற்சியும் அளித்தது. மாநிலத்தின் ஏனைய இடங்களில் சட்டம் பெரிதும் உறங்கிக் கிடக்க, அந்நகரில் மட்டும் அது விழித்தெழுந்தது. பின்னர் பிற ஊர்ப் பொலிசாரும் அங்கிருந்து பயிற்சி பெற்றனர்.

மூன்றாவது, கட்டளையைச் சேர்ப்பித்தல். இதுவே மிக அபாயமான கட்டம். மேரிலாந்து மாநிலத்திற் சட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதத்தில், 2018 நவம்பர் 5 ஆந் திகதி, வைகறையிற் கட்டளையுடன் சென்ற பொலிசார்க்கு ஒருவர் துப்பாக்கியுடன் கதவைத் திறந்தார். இழுபறியில் அவர் சுடப்பட்டிறந்தார். உயிர் காக்க வந்த கட்டளையே உயிர் போதற்குக் காரணமாயிற்று. ஆகவே எந்நேரத்திற் செல்வது, முன்பே யாரைக் கொண்டு பேசுவது, மனக்கலக்கமுற்றாரிடம் எங்ஙனம் பேசுவது என்பனவும் கற்பிக்கப்படல் வேண்டும்.

நான்காவது, பேணலும் திருப்பிக் கொடுத்தலும். எடுத்த துப்பாக்கிகளுக்குப் பற்றுச்சீட்டு வழங்கி, பழுதுறாது காத்து, காலம் முடிந்ததும் சட்டப்படி ஒப்படைத்தல் வேண்டும். கட்டளையின் விவரத்தைத் துப்பாக்கிக் கடையார் நோக்கும் தேசியப் பதிவேட்டில் உடனே சேர்ப்பித்தலும் வேண்டும். சேர்ப்பியாவிடின், ஒரு கடையில் எடுத்ததை மறு கடையில் வாங்கலாம்.

ஐந்தாவது, பொலிசல்லாத நிறுவனங்களின் பயிற்சி. நீதிமன்ற எழுதுவினைஞர், கண்ணீருடன் வரும் தாய்க்கு உரிய படிவத்தை எடுத்துக் கொடுக்க அறிந்திருத்தல் வேண்டும். வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காப்பதும் உயிரைக் காப்பதும் எவ்விடத்திற் சந்திக்கின்றன என்று அறிதல் வேண்டும். பாடசாலை அதிபர், பொலிசார்க்கு அறிவித்ததோடு தம் கடமை முடிந்ததா என்று வினவுதல் வேண்டும். பொதுமக்களும் அறிதல் வேண்டும். கலிபோர்னியாச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2020 இல் எடுத்த கணிப்பொன்றில், மூன்றில் இரு பங்கினர் அதனைக் கேள்விப்பட்டதே இல்லை என்றனர்.

இதனையுணர்ந்து மத்திய அரசாங்கமும் 2022 சூன் மாதத்தில் இயற்றிய சட்டத்தால், இவையும் இவை போன்ற பிற நெருக்கடித் தடுப்பு ஏற்பாடுகளும் நடைபெறும் பொருட்டு, ஐந்தாண்டுக்கு 75 கோடி டொலரை மாநிலங்களுக்கு ஒதுக்கியது.

மறுபக்கமும் உண்டு

ஒருபக்கம் மட்டும் கூறுதல் நடுவுநிலைமை ஆகாது. துப்பாக்கி வைத்திருத்தல் அமெரிக்க அரசியற் சட்டத்தின் இரண்டாந் திருத்தத்தாற் காக்கப்பட்ட உரிமை. குற்றம் செய்யாத ஒருவரின் உடைமையை, செய்யக்கூடும் என்ற அச்சத்தால் எடுத்தல் முறையோ என்பது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. குடியியல் உரிமைக்காகப் போராடும் சங்கத்தின் றோட் ஐலன்ட் கிளை இவ்வையத்தை 2018 இலேயே எழுப்பியது. கொலராடோவிற் சில ஷெரிப்புகள், அஃதாவது வாக்கால் தெரிவாகும் மாவட்டப் பொலிஸ் தலைவர்கள், தாம் இச்சட்டத்தை நிறைவேற்றோம் என்று வெளிப்படையாகவே கூறினர். ஒக்லகோமா மாநிலம் 2020 இல் இத்தகைய சட்டம் தன் எல்லைக்குள் வாராதபடி தடைச்சட்டம் இயற்றியது. 2024 சூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம், குடும்ப வன்செயல் காரணமாகக் கட்டளைக்குட்பட்டார் துப்பாக்கி வைத்திருத்தலைத் தடுக்கும் மத்திய சட்டத்தை எட்டு நீதியரசர் உடன்பட ஒருவர் மாறுபட நிலைநிறுத்தியது. அத்தீர்ப்புச் சிவப்புக் கொடிச் சட்டங்களைப் பற்றி நேரே கூறியதன்று. ஆயினும் பிறர் உயிர்க்கு அபாயமென்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து ஆயுதத்தைத் தற்காலிகமாக நீக்கலாம் என்ற கொள்கையை ஏற்றது.

நம் கருத்தில், பயிற்சியின் தேவையை இவ்வெதிர்ப்பே மேலும் வலியுறுத்துகின்றது. பயிற்சியில்லாதவர் கையிற் சட்டம் இருவகையாற் கெடும். வேண்டிய இடத்தில் எடுக்கப்படாது. வேண்டாத இடத்தில் எடுக்கப்படும். குடும்பப் பகையாற் பொய் மனுச் செய்வோரை இனங்காணவும், அறிகுறியையும் வறுமையையும் நிறத்தையும் குழப்பாதிருக்கவும் பயிற்சியே துணை. சத்தியம் செய்து பொய்யுரைத்தார்க்குப் பல மாநிலங்களில் தண்டனை உண்டு. கொலராடோவில் எதிர்த்தரப்பினர்க்குக் கட்டணமின்றிச் சட்டத்தரணியை நீதிமன்றமே அமர்த்துகின்றது. இவையும் சட்டத்தின் பகுதிகளே. இவற்றையும் கற்பித்தல் வேண்டும்.

பயன் யாது?

பெருங்கொலைகளே செய்தித்தாள்களை நிறைப்பினும், இச்சட்டங்கள் மிகுதியாகக் காப்பது தம் உயிரைத் தாமே போக்க முயல்வோரையே. 2021 இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,000 பேருக்கு மேற்பட்டோர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்தோர். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்வோரிற் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வேறு வழிகளால் முயல்வோரிற் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆகவே துயரம் மிக்க அந்தச் சில வாரங்களில் துப்பாக்கி வீட்டில் இல்லாமையே ஓர் உயிர்க்கு அரணாகின்றது. கொனெக்டிகட்டில் 1999 முதல் 2013 வரை துப்பாக்கி அகற்றப்பட்ட 762 பேரைப் பற்றி ஆராய்ந்த அறிஞர், பத்து முதல் இருபது கட்டளைகளுக்கு ஓர் உயிர் வீதம் காக்கப்பட்டிருக்கலாமென 2017 இல் மதிப்பிட்டனர். அதே மாநிலத்தில் தொடக்க ஆண்டுகளில் இச்சட்டம் மிக அரிதாகவே எடுத்தாளப்பட்டது என்பதையும், 2007 இல் வேர்ஜினியாப் பல்கலைக்கழகமொன்றில் 32 பேர் கொல்லப்பட்ட பின்னரே பயன்பாடு பெருகியதென்பதையும் சேர்த்து நோக்குக. உறங்கிய ஆண்டுகளிற் காக்கப்படாது போன உயிர்கள் எத்தனையோ!

நாம் கொள்ளத்தக்கது

துப்பாக்கி நிறைந்த நாட்டின் சட்டம் பிற நாடுகளுக்கு அப்படியே பொருந்துமென்று நாம் கூறவில்லை. ஆயினும் அதன் வரலாறு உணர்த்தும் உண்மை எந்நாட்டுக்கும் பொது. மக்களைக் காக்கும் பொருட்டு இயற்றப்படும் ஒவ்வொரு சட்டமும், அதனைக் கையாள்வோர்க்குக் கற்பிக்கப்பட்ட அன்றே உண்மையிற் பிறக்கின்றது. அதற்கு முன்னர் அது கருவில் உள்ள குழவியே.

இன்னுமொன்று. மேற்கூறிய துயரக் கதைகளில் அபாயத்தை முதலிற் கண்டவர் பொலிசாரல்லர். ஒரு தாய், ஒரு குடும்பத்தவர், ஒரு வகுப்பறை. பிள்ளையின் விடைத்தாளில் எழுத்துப் பிழையை நோக்கும் கண், அவ்விடையின் உள்ளே நிற்கும் பிள்ளையையும் நோக்குமாயின், சட்டத்தின் வேலையிற் பாதி அங்கேயே முடிந்துவிடும். மற்றப் பாதிக்கு, யாரிடம் சொல்வது, சொன்னபின் என்ன செய்யப்பட்டதென்று யாரிடம் கேட்பது என்பவற்றை அறிந்திருத்தல் வேண்டும். கண்டதைச் சொல்லிவிட்டோம் என்று அமையாது, சொன்னது உரிய இடத்தைச் சேர்ந்ததா என்று மீண்டும் ஒருமுறை கேட்பவரே கடமையை முற்றச் செய்தவராவர். ஆசிரியராயினும், உத்தியோகத்தராயினும், வைத்தியராயினும், இக்கல்லூரியிற் பயின்று வெளியேறும் ஒவ்வொருவரும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை உடையவராதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.